தமிழ்நாட்டுப் பந்தயக் கார்களில் எஞ்சின் உணரிகளும் பழுதறிதலும்

எஞ்சின் உணரி (சென்சார்) என்பது எஞ்சினின் வெப்பநிலை, சுழற்சி, காற்றழுத்தம் போன்றவற்றை மின்குறிப்பாக மாற்றி, இ.சி.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்பும் கருவி ஆகும். எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் இக்கணினியே முடிவு செய்கிறது. எனவே ஓர் உணரி பழுதானாலும் பந்தயக் கார் பாதித் தடத்தில் நின்றுவிடக்கூடும்.

கார்புரேட்டர் காலம்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் இதன் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வேலூர், விரிஞ்சிபுரம், ஆம்பூர் வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இது அமைந்துள்ளது.

1980களின் இறுதியில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் (1954–1995), மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இவ்வகைக் காரிலேயே தொடங்கினார். அக்காலத்தில் மெக்கானிக்கின் காதும் கண்ணுமே அளவுகருவிகள். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி; வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு; கரி படிந்திருந்தால் மிகுதி.

உணரிகளின் வருகை

பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் உட்செலுத்து முறை 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா உணரியை 1976இல் வோல்வோ பயன்படுத்தியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டையொட்டிக் கடுமையான புகை விதிகளால் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. பந்தயக் கார்கள் பெரும்பாலும் சாலைக் கார்களின் எஞ்சினையே கடன் வாங்குவதால், உணரிகளும் தடத்துக்கு வந்தன. எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் உள்ள 1.3 லிட்டர் சுவிஃப்ட் எஞ்சின் இதற்கு எடுத்துக்காட்டு.

பழுதறியும் முறை

கணினி தரும் பழுதுக் குறியீடு, கெட்டுப்போன பாகத்தின் பெயர் அன்று. ஐயத்துக்குரிய மின்சுற்றின் பெயர். பி0335 என்ற குறியீடு கிராங்க் தண்டு உணரியின் சுற்றைக் குறிக்கும். உணரியோ, வயரோ, இணைப்பியோ, எர்த் இணைப்போ காரணமாக இருக்கலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் உணரியை மாற்றினால் பணமும் நேரமும் வீணாகலாம்.

குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சில சுற்றுகளுக்குப் பின் நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்பும் கார் பழக்கமான ஒரு சிக்கல். உணரியின் கம்பிச்சுருளில் நுண்விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆகவே மின்தடையைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போது வயரிங்கை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். உணரிக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் முக்கியம். அதிர்வில் திருகு தளர்ந்தால் குறிப்பு வலுவிழக்கும்.

குளிர்நீர் வெப்ப உணரி வேறுவிதமானது. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பரவலான ஒரு வகையில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். இதன் வயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகத் தெரியும். மாற்று மதிப்பு வைக்கப்படாத கணினி, எஞ்சின் உறைபனியில் கிடப்பதாகக் கருதி அதிகப் பெட்ரோலைச் செலுத்தும். அப்போது பிளக்கில் கரி படியும்.

சோழவரக் கால மெக்கானிக் இந்தக் கரியைக் கண்டால் கார்புரேட்டரைத் திறந்திருப்பார். இன்றைய மெக்கானிக் இரண்டு கம்பி வயரைச் சோதிக்கிறார். அடையாளம் மாறவில்லை, அது காட்டும் இடம்தான் மாறியிருக்கிறது.