குமரிக் கரையின் டிசம்பர்

குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் கிறிஸ்துமஸ் ஒரு நாளில் வந்து போகிற பண்டிகை அல்ல. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கொடியேறும்போதே அந்தக் காலம் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அது முடிந்த கையோடு வீட்டு வாசல்களில் ஸ்டார் ஏறும், இளைஞர்கள் தெருவுக்குத் தெரு குடில் கட்டுவார்கள். 24-ம் தேதி நள்ளிரவுத் திருப்பலி. 31-ம் தேதி இரவு, முடிகிற ஆண்டுக்காக நன்றி வழிபாடு.

இந்த வரிசைக்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு இருக்கிறது. 1544-ல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோரமாக ஊர் ஊராக நடந்து முக்குவ மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அன்று முதல் கோயில்தான் ஊரின் நடு. மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு நிலைத்தது.

2004 டிசம்பர் 26 அப்படியொரு ஞாயிறு. திருவழிபாட்டு ஆண்டில் அது திருக்குடும்பப் பெருவிழா. ஏரோதுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாவும் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய பகுதிதான் அன்றைய நற்செய்தி வாசகம். இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் கடல் குமரிக் கரைக்கு ஏறிவிட்டது.

குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அலை மட்டும் கொல்லவில்லை. கடலுக்கும் உள்ளூருக்கும் நடுவே ஓடுகிறது ஏ.வி.எம். கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா என்ற நீண்ட பெயரோடு, திருவிதாங்கூர் காலத்தில் படகுப் போக்குவரத்துக்கு வெட்டியது; பிறகு தூர்ந்து சேறாகிக் கிடந்தது. அலைக்குத் தப்பி மேற்கொண்டு ஓடியவர்களை அந்தக் கால்வாய் மறித்தது. பின்னால் வந்த தண்ணீர் பலரை அதற்குள் தள்ளியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிற பெண்ணால் அதைத் தாண்ட முடியுமா? இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிழக்கே கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலமே பெயர்ந்து போனது.

தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். பெரும்பங்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் கும்பிட வந்த யாத்திரிகர்களும் அதில் அடக்கம். குமரியில் தனித்தனிக் குழி வெட்ட ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. குளச்சல் காணிக்கை மாதா ஆலய வளாகத்தில் 414 பேரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். கொட்டில்பாட்டில் 199 பேர்.

மறுநாளுக்கு மறுநாள், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளைத் திருச்சபை நினைக்கும் நாள். யாரும் தேர்ந்தெடுத்து வைத்த பொருத்தமல்ல. கிறிஸ்துமஸின் எட்டு நாளான எண்கிழமைக்குள் அழுகைக்கும் ஓர் இடம் நூற்றாண்டுகளாகவே இருந்தது. பாலும் தேனுமாகப் பண்டிகையை நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கரைக்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறு வழியே இருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, நன்றி சொல்ல வேண்டிய அந்த 31-ம் தேதி இரவும் வந்தது. வீடிழந்தவர்கள் அப்போது பள்ளிக்கூடங்களிலும் உள்ளூர்க் கோயில்களிலும் முகாம்களில் இருந்தார்கள். இந்தக் கரையில் நன்றி என்பது எக்காலத்திலும் பாதுகாப்புக்குக் கொடுத்த விலையாக இருந்ததில்லை. கடல் வாரத்துக்கு ஒரு முறையாவது பயமுறுத்துகிற தொழில் இது. பாடு கிடைத்த நாளிலும் வெறுங்கையோடு திரும்பிய நாளிலும் இவர்கள் சிலுவை போட்டுக்கொண்டுதான் கரையேறுகிறார்கள். துக்கத்தை மறைத்துச் சொல்கிற நன்றி பொய்யாகிவிடும் என்பது இவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இறந்தவர்களைப் பண்டிகைக்கு வெளியே தள்ளாமல் பண்டிகைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26-ல் அந்தக் கல்லறைகளுக்கு மெழுகுவத்தியும் பூவுமாகப் போகிறார்கள், திருப்பலி வைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய குடில் அப்போதும் தெருவில் இருக்கிறது, அதைப் பிரிப்பதில்லை.

2017-ல் மறுபடியும். நவம்பர் 30, மீனவராக இருந்து சீடரான புனித அந்திரேயாவின் திருநாள். கோட்டாறு திருவிழாவும் நடந்துகொண்டிருந்த நேரம். ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே உருவாகிக் கடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையில் இல்லை.

சுனாமியில் கல்லறையாவது மிஞ்சியது. ஒக்கியில் பல வீடுகளுக்கு உடலே வரவில்லை. காணாமல் போனவரைச் சட்டம் இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். மனைவியோ அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேட வேண்டும். இறந்தவர்களுக்கான திருப்பலியை எந்த நாளில் ஒப்புக்கொடுப்பது, அல்லது இன்னும் அவருக்காக ஜெபித்துக்கொண்டிருப்பதா என்று தெரியாத வீடுகளில் அந்த ஆண்டு ஸ்டார் ஏறவில்லை. பல ஊர்களில் கொண்டாட்டத்தையே நிறுத்தினார்கள், திருப்பலியை நிறுத்தவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 7 அன்று அதே ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுதலை ஆழ்கடல் வரை கொண்டுபோகச் சொன்னார்கள். பொறுமையாக ஜெபிக்க வேண்டியவர்கள் ரயிலை மறிக்கலாமா என்று கேட்பவர்கள் திருப்பாடல்களைப் படித்திருக்க மாட்டார்கள், கடவுளிடமே 'எதுவரைக்கும்?' என்று உரக்கக் கேட்கிற பாடல்கள் அதில் நிறைய உண்டு. அந்த மறியலும் அந்த டிசம்பரின் வழிபாடுதான்.

இப்போது தூத்தூர் பகுதியில் நவம்பர் 30-லும் நினைவுத் திருப்பலி நடக்கிறது. அந்திரேயா திருநாளில் தொடங்கிச் சவேரியார், கிறிஸ்துமஸ், 26, நன்றி இரவு என்று மேற்கே நீரோடி முதல் கிழக்கே மணக்குடி வரை அந்த ஒரு மாதம் நீள்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் படகில் புயல் செய்தி சேரும் கருவியும், கரையோரம் ஹெலிகாப்டர் இறங்கும் தளமும் வேண்டும் என்ற கோரிக்கைகளும் கூடவே எழுகின்றன.