ஓய்வு என்னும் சொல்லும் திருவனந்தபுரம் வந்த இரு அகராதி ஆசிரியர்களும்

தமிழில் ‘ஓய்தல்’ என்னும் வினை வியப்புக்குரியது. மழை ஓய்ந்தது என்றால் நின்றது என்று பொருள். நடந்து நடந்து கால் ஓய்ந்தது என்றால் வலுவிழந்தது என்று பொருள். அந்தக் காலுக்கு நாம் தருவதும் ஓய்வு. வயது வந்ததும் அலுவலகம் நமக்குத் தருவதும் ஓய்வு. நோயும் மருந்தும் பணி முடிவும் ஒரே வினையடியில் பிறந்திருக்கின்றன. மொழியியல் மாணவன் என்ற முறையில் இதை வகுப்பில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறேன். இதன் கனம் இவ்வாண்டுதான் விளங்கிற்று.

முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். தரவு தொகுப்பதிலேயே மூன்று ஆண்டுகள் கழிந்தன. கடந்த ஆவணிக்குப் பின் ஆய்வேட்டில் ஒரு பத்தியும் சேரவில்லை. கோப்பைத் திறப்பேன், ஓர் அடிக்குறிப்பைத் திருத்துவேன், மூடிவிடுவேன். ஓய்வெடு என்றார்கள், எடுத்தேன். ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திருவனந்தபுரம் திரும்பியபோதும் நிலை மாறவில்லை. அந்நாட்களில் இந்நகரின் தமிழாய்வு வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் இருவர் வாழ்க்கை என்னை நிறுத்தி வைத்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை நாம் அனைவரும் பயன்படுத்துகிறோம். அதன் பின்னுள்ள உழைப்பின் அளவை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. 1913இல் மதுரையில் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் பணி தொடங்கியது. பின்னர் சென்னைக்கு மாறியது. ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று கணக்கிடப்பட்ட வேலை நான்கு லட்சத்துக்கும் மேல் செலவு வைத்தது. எழுபது வயதைக் கடந்த சாண்ட்லர் 1922இல் விலகியபோது ஒரு பகுதிகூட அச்சாகி வெளிவரவில்லை. முதற்பகுதி 1924இல் வெளிவந்தது. ஆறு தொகுதிகள் நிறைவுற 1936 ஆயிற்று. அனுபந்தம் 1939இல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துப்பெயர்ப்பு, இலக்கண வகை, இனமொழிச் சொல், ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள், நூல் மேற்கோள் என்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குத் தொடர்ந்து செய்த பணி அது. ‘அ’வில் தொடங்கிய கைகள் வகர வரிசையை எட்டுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

அப்பணியின் தொடக்க ஆண்டு முதலே தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உழைத்தவர் மு. இராகவையங்கார். 1926இல் பதிப்பாசிரியராக வந்து அதை முடித்துக் கொடுத்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. இருவரும் பணி ஓய்வுக்குரிய வயதைக் கடந்தபின், ஒருவர்பின் ஒருவராக, இதே திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரே பொறுப்பில் அமர்ந்தனர்.

வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1940களின் நடுவில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுத் துறை ஒன்று அமைந்தது. அதன் முதல் தலைவராக இராகவையங்கார் வந்தபோது அவருக்கு வயது அறுபதுகளின் நடுப்பகுதி. இங்கிருந்து அவர் வெளியிட்ட ‘சேர வேந்தர் செய்யுட்கோவை’யைப் பாருங்கள். அகராதிப் பணியில் ஒரு செய்யுள் மேற்கோளாகத் துண்டு துண்டாக நறுக்கப்படும்; ஒரு சொல்லுக்குச் சான்றானதும் அதன் வேலை தீர்ந்துவிடும். செய்யுட்கோவையிலோ சேரரைப் பற்றிய பாடல்கள் முழுமையாக, ஒரு நிலத்தின் வரலாறாக ஒன்றுசேர்கின்றன. நூல்களை நறுக்கிப் பழகிய கை அவற்றைக் கோக்கத் தொடங்கியது. அதற்குச் சேரநாட்டு மண்ணே இடமானதும் பொருத்தம்.

1951இல் அவ்விடத்துக்கு வையாபுரிப் பிள்ளை வந்தார். இந்நகர் அவருக்குப் புதிதன்று. 1915 முதல் 1922 வரை இங்கே வழக்கறிஞராக இருந்தவர். வழக்குக் கட்டுகளுக்கிடையே தமிழாய்வை வளர்த்து, மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியராய் இருந்து மறைந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீய’த்தை 1922இல் பதிப்பித்தார். ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு அவர் திரும்பிய முதல் திருப்பத்துக்கும் இவ்வூரே களம். முப்பது ஆண்டுகளுக்குப் பின், அறுபதை நெருங்கும் வயதில், மீண்டும் இங்கே வந்து 1954 வரை பணியாற்றினார். ‘இலக்கிய தீபம்’, ‘இலக்கிய மணிமாலை’ முதலிய கட்டுரைத் தொகுதிகள் அவ்வாண்டுகளுக்குரியவை. தமிழ்மொழி, இலக்கிய வரலாறு பற்றிய அவருடைய ஆங்கில நூல் அவர் மறைந்த 1956இலேயே வெளிவந்தது. நூல்களின் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தார் என்ற கண்டனம் அவரைக் கடைசிவரை தொடர்ந்தது. அவருடைய முடிபுகள் பலவற்றை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆனால் அவ்வயதில் அத்தனை எதிர்ப்புக்கிடையே காலவரிசை வினாவை விடாமல் எழுப்பிய ஊக்கத்தை யாரும் மறுக்க முடியாது.

இந்த ஊக்கம் எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது: வேலையை நிறுத்தியதால் அது வரவில்லை, வேலையின் திசை மாறியதால் வந்தது. பேரகராதி பலர் கூடி, பிறர் வகுத்த திட்டப்படி, அகரவரிசையின் ஆணைக்குக் கட்டுப்பட்டுச் செய்த பணி. அடுத்து எந்தச் சொல் என்று தீர்மானிக்கும் உரிமைகூட ஆசிரியருக்கு இல்லை. திருவனந்தபுரத்தில் வினா அவர்களுடையதாயிற்று. ஆனால் அவ்வினாவுக்கு விடை தேடும் முதல் அந்தப் பழைய உழைப்பிலிருந்தே கிடைத்தது. ‘சொற்களின் சரிதம்’ போன்ற ஒரு நூலைப் பத்தாண்டு அகராதி வேலையில் தோயாதவர் எழுதியிருக்க முடியாது. களைப்படையச் செய்த அதே வேலைதான் விளைச்சலுக்கு எருவாகவும் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இது வெறும் ஊக்கமூட்டும் கதையாகிவிடும். இவ்விருவருக்கும் இரண்டாம் மூச்சு கிடைத்தது தனி மனஉறுதியால் மட்டுமன்று. அவர்களுக்கென ஓர் இடம் இருந்தது, ஊதியம் இருந்தது, நூல் வெளியிடப் பல்கலைக்கழகம் இருந்தது. ஒருவர் கொடுத்த கொடையும் ஒரு நிறுவனம் எடுத்த முடிவும் அதன் பின்னே இருந்தன. அதே அகராதி அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் சொற்சீட்டு எழுதிய எத்தனையோ பேருக்கு அப்படியோர் இருக்கை கிடைக்கவில்லை. ஆய்வாளர் சோர்ந்தால் ஓய்வெடு என்று சொல்வது எளிது. சோர்ந்தவர் தம் வினாவோடு வந்து அமர ஓர் இடம் தருவது அரிது. இன்று துறைத்தலைவர்களாகவும் நெறியாளர்களாகவும் இருப்போர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நூற்று நாற்பது வினைகள் கொண்ட என் பட்டியலை மூடி வைத்துவிட்டேன். பட்டியலுக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு வினையை எடுத்து, தென்திருவிதாங்கூர்ப் பேச்சில் அது எப்படியெல்லாம் வழங்குகிறது என்று எழுதத் தொடங்கினேன். மூன்றாண்டாகச் சேர்த்த ஒலிப்பதிவுகள் அதற்கு உதவுகின்றன. இதுவரை நான்கு பக்கங்கள் வந்திருக்கின்றன. அந்த வினை ‘ஓய்’.