தாய் சொன்ன கதை

1965 ஜூலை 31 அன்று வெளியான ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ பிள்ளைகளுக்கு ஏற்ற படமா என்று நம் வீடுகளில் யாரும் கேட்டதில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அன்று படங்களை ‘யூ’, ‘ஏ’ என இரண்டாகவே பிரித்தது. சாமி படம் ‘யூ’தான் என்பது சொல்லாமலே முடிவான சங்கதி.

அந்தப் படத்தின் கதை வசனம் இசைத்தட்டாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியே ஊர் ஊராகக் கேட்டது. தருமியும் நக்கீரரும் பேசியதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பதே அங்கே வழக்கு. வாதாடுவோர் எல்லோரும் ஆண்கள்.

படத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துப் போன முருகனைத் தணிக்க, அவன் தந்தையின் விளையாடல்களைப் பார்வதி சொல்கிறாள். ஆக, தாய் தன் பிள்ளைக்குச் சொல்லும் கதைதான் முழுப்படமும். அதில் அவளுடைய கதையும் வருகிறது. கணவன் அனுமதியின்றித் தகப்பன் தட்சனின் வேள்விக்குப் போகிறாள் தாட்சாயணி. அங்கே கணவனுக்காக வாதாடி, அவமானப்பட்டுத் திரும்புகிறாள். சக்தியின்றிச் சிவமில்லை என்று வாதிட்டவளைச் சிவன் எரித்துச் சாம்பலாக்குகிறான். தேவர்கள் வேண்டியபின் உயிர்ப்பிக்கிறான். பல புராணங்களில் அவள் வேள்வித்தீயில் தானே உயிர்விடுகிறாள். இந்தப் படத்தில் எரிப்பவன் கணவன். அடுத்த கதையில், வேதப்பொருளைக் கவனமாகக் கேட்காததற்காக மீனவப் பெண்ணாகப் பிறக்கிறாள்.

தாய்வீட்டுக்குப் போனது குற்றம், எரித்தது விளையாட்டு, சேர்ந்து வாழ்ந்தது சுபம். இந்த வரிசையைப் பெண்பிள்ளைகள் பக்தியோடு சேர்த்தே கற்றார்கள்.

எம். புதுப்பட்டி உள்ளிட்ட சிவகாசி வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தும், தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் சிறுமிகள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். குழந்தைத் தொழிலாளி ஒருவருக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 10 அன்றுதான். குடும்பத்துக்குக் கூலி கொண்டுவந்த சிறுமிக்கும் திருவிழாவில் கிடைத்தது அதே கதை: பெண் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

அப்படியானால் படத்தைக் காட்டவே கூடாதா? பக்திப் படம் எல்லாம் ஒன்றல்ல. 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையா’ரில், கல்யாணம் வேண்டாத ஒரு பெண் தன்னை மூதாட்டியாக்கும்படி பிள்ளையாரை வேண்டுகிறாள். அங்கே பக்தி பெண்ணுக்கு வெளியேறும் வழி. அந்த ஔவையாக நடித்த கே.பி. சுந்தராம்பாளே ‘திருவிளையாட’லிலும் ஔவை.

2023ஆம் ஆண்டின் திருத்தம் ‘யூஏ’ பிரிவை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறது. வயதை மட்டும் பார்த்தால் தாட்சாயணி காட்சி எந்தச் சல்லடையிலும் சிக்காது. அதில் ரத்தமில்லை, ஆபாசமில்லை. ஆகவே படத்தைக் காட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். “அம்மாவை ஏன் எரிச்சாரு?” என்று பிள்ளை கேட்டால், “சாமி காரியம், பேசாம பாரு” என்று அடக்காமல், “எரிச்சது தப்பு” என்று சொல்ல வேண்டும்.