பறக்குமுன் ஒரு பட்டியல்: ஹூக்ளிக் கரையிலிருந்து ஒரு பார்வை

விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல், அதாவது செக்லிஸ்ட், ஒரு விபத்திலிருந்து தொடங்குவதாகவே வரலாறு சொல்லப்படுகிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற நான்கு என்ஜின் விமானம் ராணுவச் சோதனைக்காகக் கிளம்பி, மூக்கை நிமிர்த்திச் செங்குத்தாக ஏறிக் கீழே விழுந்து எரிந்தது. விமானம் நிற்கும்போது வால் பகுதிச் சுக்கான்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டு எடுக்கப்படவில்லை. ஓட்டிய மேஜர் ஹில்லும், போயிங் விமானி டவரும் இறந்தார்கள். இருவரும் தேர்ந்தவர்கள். நினைவில் வைக்கவேண்டியவை ஒரு தலை தாங்கும் அளவைத் தாண்டியிருந்தன. அதன்பின் அவை தாளில் ஏறின.

கல்கத்தாவுக்கு அப்போது விமானம் புதிதல்ல. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தேவியா சென்ற டச்சு விமானம் 1924லேயே இந்நகரில் இறங்கிப் போனது. 1930களின் பிற்பகுதியில் இம்பீரியல் ஏர்வேஸின் பறக்கும் படகுகள் டம் டம் விமான நிலையத்தை விட்டு, ஹவுரா பக்கத்துப் பாலியில், வில்லிங்டன் பாலத்தருகே ஹூக்ளி ஆற்றில் இறங்கின. தரை விமானத்துக்கான ஒழுங்கு தண்ணீரில் அப்படியே செல்லாது. படகுக்கு பிரேக் கிடையாது. என்ஜின் உயிர்பெற்ற கணமே நகரத் தொடங்கிவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திச் செய்யும் என்ஜின் சோதனையை நகர்ந்துகொண்டே செய்தாகவேண்டும். அடித்தளத்தில் தேங்கிய நீரை முன்னரே இறைத்திருக்கவேண்டும். எதைச் சோதிப்பது என்பதைப் போலவே எப்போது சோதிப்பது என்பதும் முக்கியம் என்று காட்டுபவை இவ்வகை விமானங்கள். பட்டியலின் வரலாற்றில் அவற்றுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டாம் உலகப்போர் பட்டியலைப் பொதுவழக்காக்கியது. சில மாதப் பயிற்சியோடு வந்த இளைஞர்களிடம் பெரிய விமானங்களை ஒப்படைக்க வேறு வழியும் இருக்கவில்லை. போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த டக்கோட்டா விமானங்களோடு அந்தப் பழக்கமும் பயணி விமானத்துக்கு வந்தது.

ஜெட் காலம் பட்டியலின் எல்லையைக் காட்டியது. 1952 அக்டோபரில் ரோமிலும் 1953 மார்ச்சில் கராச்சியிலும் காமெட் விமானங்கள் ஓடுபாதையிலிருந்து எழும்ப முடியாமல் போயின. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் அதன் இறக்கை ஏற்றுவிசையை இழந்தது. புறப்படும் முறையைத் திருத்தினார்கள். அடுத்ததற்குத் திருத்தமும் உதவவில்லை. 1953 மே 2 பிற்பகலில் டம் டம்மிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய, பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் சுமார் ஆறு நிமிடத்தில் இடிப்புயலுக்குள் சிதறி, நகருக்கு வடமேற்கே ஜகல்கோரி அருகே விழுந்தது. 43 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வங்காளிகள் காலபைசாகி என்னும் கோடைப் புயல் அது. கிளம்பலாமா என்ற கேள்வி பட்டியலுக்கு முந்தியது. தாளில் அதற்குப் பதில் கிடையாது.

ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லும் முறைக்கும் ஒரு ஓட்டை உண்டு: கண் போகாமலே வாய் பதில் சொல்லிவிடும். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட்டில், இறக்கையின் ஏற்றுவிசையைக் கூட்டும் ஃபிளாப்பை இறக்காமல் ஒரு விமானம் கிளம்பி 156 பேர் இறந்தார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்கையில் வாசிக்கவேண்டிய பட்டியல் விடுபட்டிருந்தது. 2008இல் மாட்ரிட்டில் அதே தவறு 154 உயிர்களைக் குடித்தது. நாசாவுக்காக 1990இல் தெகானியும் வீனரும் எழுதிய ஆய்வு, “சரி”, “வைத்தாயிற்று” போன்ற பதில்களை ஏற்கவில்லை. ஃபிளாப் எத்தனை என்றால் எண்ணையே சொல்லவேண்டும் என்றது. தவறினால் உயிர்போகும் இனங்கள் பட்டியலின் தொடக்கத்திலேயே வரவேண்டும் என்றும் சொன்னது. சின்ன யோசனைதான். ஆனால் எண்ணைச் சொல்ல, கருவியை ஒருமுறையாவது பார்த்தாகவேண்டும்.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய விமானமே சான்றானது. 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் இறங்கவந்த அலையன்ஸ் ஏரின் போயிங் 737 குடியிருப்பின் மேல் விழுந்து, தரையில் ஐவர் உட்பட 60 பேர் இறந்தார்கள். இறங்குவதற்கான முறை கடைப்பிடிக்கப்படவில்லை என்றது விசாரணை.

இன்றைய ஏர்பஸ் 320இல் தாளின் வேலையில் ஒரு பங்கைத் திரை செய்கிறது. செய்யவேண்டியது நீல எழுத்தில் நிற்கும். செய்து முடித்தால் வரி பச்சையாகும். ஃபிளாப் சரியில்லாமல் விசையைக் கூட்டினால் எச்சரிக்கை ஒலிக்கும். இருந்தும் வாசிப்பு ஒழியவில்லை. கொல்கத்தாவின் ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. கோடையில் தெற்குக் காற்றை எதிர்த்துக் கிளம்பக் காத்திருக்கும் விமானம், வடமேற்கிலிருந்து காலபைசாகி திரண்டு காற்று மாறினால் மறுமுனைக்குப் போகவேண்டிவரும். அப்போது புறப்பாட்டு வேகமும் ஃபிளாப் அளவும் புதிதாகக் கணக்கிடப்படும். முன்பு வாசித்தது கணக்கில் வராது. அந்த இனங்களை இருவரும் மறுபடி வாசிப்பார்கள்.