பாராலிம்பிக் இறகுப்பந்து

நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பாராலிம்பிக் விழாவில் மாற்றுத்திறனாளிகள் ஆடும் பேட்மிண்டன் போட்டி இது. டோக்கியோவில் 2021இல் முதன்முதலாகவும் பாரிசில் 2024இல் இரண்டாம் முறையாகவும் நடந்தது. இரண்டு விழாக்களிலும் சேர்த்து இந்தியா வென்ற இறகுப்பந்துப் பதக்கங்கள் 9. அவற்றில் பெண்கள் வென்றவை 3. அந்த மூன்றும் தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றவை: காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், ஓசூரின் நித்ய ஸ்ரீ சிவன்.

தோற்றம்

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் உலக இறகுப்பந்துப் போட்டி நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் 1998இல் நடந்தது. 2011இல் இந்த ஆட்டத்தின் நிர்வாகம் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பின் கீழ் வந்தது. 2014இல் சர்வதேச பாராலிம்பிக் குழு, டோக்கியோ விழாவில் இதைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. கொரோனாவால் அந்த விழா ஓராண்டு தள்ளிப்போனது. ஆக, இறகுப்பந்து ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டான 1992க்குப் பின், மாற்றுத்திறனாளிகள் 29 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

வகைப்பாடு

இந்தப் போட்டியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முதலில் அதன் வகைப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அளவு குறைபாடு உடையவர்களே ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும் என்பதற்காக ஆட்டக்காரர்களை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். டபிள்யூ.எச்.1, டபிள்யூ.எச்.2 ஆகியவை சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு உரியவை. எஸ்.எல்.3, எஸ்.எல்.4 ஆகியவை காலில் குறைபாடு உள்ள, நின்று ஆடுவோருக்கு உரியவை, எஸ்.எல்.3இல் குறைபாட்டின் கடுமை கூடுதல். எஸ்.யூ.5 கையில் குறைபாடு உள்ளவர்களுக்கும், எஸ்.எச்.6 உயரம் குன்றியவர்களுக்கும் உரியவை. சக்கர நாற்காலி ஒற்றையரும் எஸ்.எல்.3 ஒற்றையரும் அரை ஆடுகளத்தில் ஆடுகிறார்கள். மற்ற ஒற்றையர் ஆட்டங்களுக்கு முழு ஆடுகளம்.

வலையின் உயரத்தில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. எல்லாருக்கும் நடுவில் 1.524 மீட்டர்தான். எஸ்.எச்.6 பெண்கள் பிரிவில் ஆட உயர வரம்பு 137 செ.மீ. ஆகவே, அவர்கள் ஒவ்வொரு புள்ளியையும் தம் தலைக்கு மேல் நிற்கும் வலைக்கு எதிராகத்தான் எடுக்கிறார்கள். இந்தப் பிரிவில் ஆடும் நித்ய ஸ்ரீயின் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆறு வகைகள் இருப்பதாலேயே ஆறிலும் பதக்கம் உண்டு என்று ஆகிவிடாது. எந்த வகைக்கு எந்தப் பிரிவில் போட்டி என்பதை ஒவ்வொரு விழாவுக்கும் முடிவு செய்கிறார்கள். டோக்கியோவில் 14 போட்டிகள். உயரம் குன்றிய பெண்களுக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை. பாரிசில் 16 ஆக உயர்ந்தபோது எஸ்.எச்.6 பெண்கள் ஒற்றையரும் கலப்பு இரட்டையரும் சேர்ந்தன, எஸ்.எல்.3 பெண்கள் ஒற்றையரும் வந்தது. நின்று ஆடும் பெண்களுக்கான இரட்டையர் ஆட்டம் நீக்கப்பட்டது. எவ்வளவு திறமை இருந்தாலும், தன் வகைக்குப் போட்டி இல்லையென்றால் ஆட்டக்காரருக்கு அந்த விழாவில் இடமில்லை. நித்ய ஸ்ரீக்கு வழி திறந்தது 2024இல்தான்.

டோக்கியோ

டோக்கியோவில் யோயோகி தேசிய உள்ளரங்கில் ஆட்டங்கள் நடந்தன. இந்தோனேசியாவின் லியானி ராத்ரி ஒக்டிலா இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்று அந்த விழாவின் நாயகியானார். சக்கர நாற்காலிப் பிரிவுகளில் சீனாவும் ஜப்பானும் ஓங்கி நின்றன. இந்தியாவுக்கு நான்கு பதக்கங்கள் கிடைத்தன. நான்கையும் வென்றவர்கள் ஆண்கள். எஸ்.எல்.3 இறுதியில் ஒடிசாவின் பிரமோத் பகத், இங்கிலாந்தின் டேனியல் பெதலை 21-14, 21-17 என வென்றார். இரண்டாம் செட்டில் 4-12 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டுவந்த வெற்றி அது. எஸ்.எச்.6இல் ஜெய்ப்பூரின் கிருஷ்ணா நாகர் தங்கம் வென்றார். அப்போது உத்தரப்பிரதேசத்தில் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய சுஹாஸ் யதிராஜுக்கு எஸ்.எல்.4இல் வெள்ளி. மனோஜ் சர்காருக்கு எஸ்.எல்.3இல் வெண்கலம்.

பாரிசுக்கு முன்

டோக்கியோவுக்குப் பிறகான மூன்றாண்டுகளில் தமிழ்நாட்டுப் பெண்கள் வளர்ந்த வேகம் வியக்கத்தக்கது. மனிஷாவுக்குப் பிறப்பின்போதே வலது கை நரம்புகள் சேதமடைந்தன. மருத்துவர்கள் இதை எர்ப்ஸ் பால்சி என்கிறார்கள். 2005இல் பிறந்த அவர் 17 வயதில், 2022 உலகப் போட்டியில் எஸ்.யூ.5 பிரிவின் சாம்பியன் ஆனார். ஜப்பானின் மாமிகோ தொயோதாவை அவரது நாட்டிலேயே, டோக்கியோவில், 21-15, 21-15 என நேர் செட்டுகளில் வீழ்த்தினார். உலகக் கூட்டமைப்பு அந்த ஆண்டின் சிறந்த பாரா பேட்மிண்டன் வீராங்கனையாக அவரைத் தேர்ந்தெடுத்தது.

இடது கையில் குறைபாடு உள்ள துளசிமதிக்குத் தந்தையே பயிற்சியாளர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே சர்வதேசப் போட்டிகளில் ஆடினார். சீனாவின் ஹாங்சோவில் 2023 அக்டோபரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில், டோக்கியோ தங்கமங்கையான சீனாவின் யாங் சியுசியாவைச் சீன மண்ணிலேயே 21-19, 21-19 என வென்று தங்கம் பெற்றார். இவரது ஆட்டங்களில் முதலில் நினைவுகூர வேண்டியது இந்த வெற்றிதான்.

பாரிஸ்

போர்த் த லா ஷாப்பல் அரங்கில் 2024 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 2 வரை போட்டி நடந்தது. எஸ்.யூ.5 அரையிறுதியில் துளசிமதியும் மனிஷாவும் நேருக்கு நேர் மோதினார்கள். பாராலிம்பிக் அரையிறுதியில் வலையின் இருபுறமும் தமிழ்நாட்டுப் பெண்கள்! முதல் செட் 23-21 வரை நீண்டது. இரண்டாவதை 21-17 என வென்று துளசிமதி இறுதிக்குப் போனார். அங்கே யாங் சியுசியா 21-17, 21-10 என அவரை வென்று தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். மனிஷா, டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என எளிதாக வென்று வெண்கலம் பெற்றார்.

எஸ்.எச்.6 கலப்பு இரட்டையரில் நித்ய ஸ்ரீயும் தமிழ்நாட்டின் சிவராஜன் சோலைமலையும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தோனேசிய இணையிடம் தோற்றார்கள். அந்த இணையில் ஆடிய ரினா மர்லினாவே ஒற்றையர் வெண்கலத்துக்கும் நித்ய ஸ்ரீயின் எதிராளி. இம்முறை 21-14, 21-6. தோல்வியின் சுவடே இல்லாமல் ஆடி முடித்தார்.

இந்தியாவின் மற்ற இரு பதக்கங்கள்: நிதேஷ் குமார், டேனியல் பெதலை 21-14, 18-21, 23-21 எனப் போராடி வென்ற எஸ்.எல்.3 தங்கம்; சுஹாஸின் இரண்டாவது வெள்ளி. புதிதாகச் சேர்ந்த எஸ்.எல்.3 பெண்கள் ஒற்றையரில் நைஜீரியாவின் எனியோலா போலாஜி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் ஆப்பிரிக்கா பெற்ற முதல் இறகுப்பந்துப் பதக்கம் அது.

தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷாவுக்கும் நித்ய ஸ்ரீக்கும் தலா 1 கோடி ரூபாயும் வழங்கியது. 2025 ஜனவரியில் மூவரும் அர்ஜுனா விருது பெற்றார்கள்.

தென்காசி, குற்றாலம் வட்டாரம்

மூன்று பதக்கங்களும் மாநிலத்தின் வட பகுதிக்குப் போயின. தெற்கே, 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்துக்குத் தனியாக ஓர் இடர் உண்டு. ஜூன் தொடங்கிக் குற்றாலச் சீசன் முடியும்வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிறது. குற்றாலத்துக்குச் சாரலைத் தருவதும், சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றுதான். இறகுப்பந்தின் எடையோ 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். மேல்காற்று வீசும் திறந்தவெளியில் அது எங்கே விழும் என்று யாராலும் கணிக்க முடியாது. கம்பளி நூல் பந்தில் ஆடும் பூப்பந்துக்குத் தென்மாவட்டத்துக் கிராமத் திடல்கள் போதும். இறகுப்பந்துக்குக் கூரையும் சுவரும் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அவற்றோடு சாய்தளமும் அகலமான கழிப்பறையும் வேண்டும். என் கருத்தில், இந்த வட்டாரத்துக்கு முதல் தேவை பயிற்சியாளரைவிடவும் அத்தகைய உள்ளரங்குதான்.

அடுத்த பாராலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சலிசில் நடக்கிறது. இறகுப்பந்து அதிலும் உண்டு. முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவில் இறகுப்பந்து இடம்பெறுகிறது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களே, கை வளராத பிள்ளையை, உயரம் குன்றிய பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துப் புள்ளி எழுதச் சொல்லாதீர்கள். மட்டையைக் கொடுங்கள்; கோப்பைக்கான அடுத்த பதிவு தொடங்கும்போது அவர்கள் பெயரையும் சேருங்கள்.