கல்வெட்டும் மரக்காலும்: தமிழ் நாவலுக்குள் சரித்திரம் புகுந்த இரு வாயில்கள்

வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறிப் பதினாறு ஆண்டுகள் கழிந்த நிலையில், திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டு மோகனாங்கி என்னும் நாவலை 1895இல் எழுதி வெளியிட்டார். வசன இலக்கியமே இன்னும் நடை பழகிக்கொண்டிருந்த அந்நாளில், கற்பனைக் கதைக்கு உண்மையான ஓர் இராச்சியத்தின் பின்னணியைத் தேடிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது வியப்புக்குரியது. அதன் பின் சென்ற நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் தமிழ் நாவல் சரித்திரத்தை எவ்வாறெல்லாம் கைக்கொண்டது என்று ஆராயப் புகுவோர், பெரும்பாலும் அரசர் கதை, மக்கள் கதை என்று பொருளை வைத்துப் பிரித்துப் பேசுவதையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். நாவலாசிரியன் எந்தச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தான் என்று கேட்பது அதனினும் பயனுள்ள ஆராய்ச்சி என்பது என் கருத்து. ஏனெனில் சான்று மாறியபோதெல்லாம் கதையின் நாயகனும் மாறியிருக்கிறான்; பல இடங்களில் உரைநடையின் சுபாவமே மாறியிருக்கிறது.

முதல் வாயில் கல்வெட்டும் செப்பேடும். அவ்வாயிலைத் தமிழ் வாசகர் இலட்சக்கணக்கானோருக்குத் திறந்து வைத்தவர் கல்கி என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. பல்லவர் காலத்தைப் பற்றிய பார்த்திபன் கனவையும் சிவகாமியின் சபதத்தையும் 1940களில் எழுதி முடித்தபின், 1950இல் அவர் தொடங்கிய பொன்னியின் செல்வன், நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் போன்ற சரித்திர ஆசிரியர்கள் பல ஆண்டுக்காலம் சாசனங்களைப் படித்துத் தொகுத்தளித்த சோழர் வரலாற்றை அஸ்திவாரமாகக் கொண்டது. அந்நாவலின் மையத்தில் இருப்பது சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்த கரிகாலனின் கொலை. அக்கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முக்கியமான ஆதாரம், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஆகும். சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைத் துரோகிகள் என்று குறிப்பிட்டு, அவர்களுடையவும் அவர்தம் உறவினருடையவும் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியை அது சொல்கிறது. அவர்கள் கரிகாலனை ஏன் கொன்றார்கள், எவ்விடத்தில் கொன்றார்கள், அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதைப் பற்றி அந்தக் கல் மௌனம் சாதிக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, உத்தம சோழனுக்கு அரசின் மேல் ஆசை இருக்கும் வரையில் இராஜராஜனாகிய அருள்மொழி அதனை விரும்பவில்லை என்று புகழ்ந்து ஒதுங்கிவிடுகிறது. இவ்விரு சாசனங்களுக்கும் இடையே இருந்த மௌனத்தின் அகலம்தான் கல்கிக்கு ஐந்து பாகங்கள் எழுத இடம் கொடுத்தது; நந்தினி என்ற கற்பனைப் பாத்திரம் அந்த மௌனத்திலிருந்தே பிறந்தாள்.

கல்கியைக் குறைத்துப் பேசுவது இப்போது ஒருவகை நாகரிகமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. இருப்பினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு அடிப்படையில் ஒரு நில ஆவணம். சோழர் சாசனங்களில் மிகப் பெரும்பாலானவை அத்தகையவையே: இந்த நிலம், இவ்வளவு நெல், இத்தனை விளக்கு, இந்த மரக்கால் என்று கணக்கு வைப்பவை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும், அவர்கள் குடியிருந்த வீடும், ஆளொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற விகிதமும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்நெல்லை அளக்க வேண்டிய ஆடவல்லான் என்னும் மரக்கால் இராஜகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் கூறப்பட்டிருக்கிறது. ஆனால் அந்நெல்லை நட்டுக் களைபறித்து அறுத்துக் களத்தில் சேர்த்தவர்களின் பெயர்களை அச்சுவர்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சாசனத்தில் கொலையும் இருந்தது, நெல்லும் இருந்தது. நாவல் கொலையை எடுத்துக்கொண்டது, நெல்லை விட்டுவிட்டது. கல்கியைப் பின்பற்றி வந்த சரித்திரத் தொடர்கதைகளில் பல, அவர் காட்டிய சாசன சிரத்தையையும் கைவிட்டு, அரண்மனைச் சதியையும் கடற்போரையும் மட்டும் வைத்துக்கொண்டமையால், அவற்றை இங்கே விரிவாகப் பேச வேண்டிய அவசியமில்லை.

இரண்டாம் வாயில் சாட்சியம். இது ஒரு நாளில் திறந்துகொண்டதன்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்களைப் பற்றிப் பாரதி பாடியபோது அவர் அத்தீவைக் கண்டவரல்லர். கேள்விப்பட்ட துயரமே அங்கு ஆதாரம். புதுமைப்பித்தன் 1935இல் துன்பக்கேணியை எழுதியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணிகளால் கொண்டு செல்லப்பட்டவர்களின் கதி ஏற்கெனவே அம்மாவட்டத்துக் கிராமங்களில் வாய்மொழியாய் உலவிக்கொண்டிருந்தது. அதே தேயிலையின் கதையை ஆனைமலையில் நேரில் பார்த்து எழுதியவர் பி. எச். டேனியல். 1940களில் வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றித் தொழிற்சங்கத்திலும் ஈடுபட்ட அவர், முதிய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவற்றை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என்ற பெயரோடு அது தமிழுக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் பிடித்தன. தமிழர் துயரம் தமிழில் படிக்கக் கிடைக்காமல் இத்தனை காலம் ஆங்கிலத்தில் காத்திருந்தது நம் பதிப்புலகத்துக்குப் பெருமை தரும் செய்தியன்று.

தொ. மு. சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் 1953இல் வெளிவந்தபோது, நூல் கிடைக்காமல் தறி நின்று நெசவாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்த கொடுமை பத்திரிகைச் செய்தியாக இருந்ததேயன்றி, இன்னும் சரித்திரமாக ஆகியிருக்கவில்லை. நிகழ்காலத்தையே சரித்திரமாகக் கருதி எழுதும் துணிவு தமிழ் நாவலில் அங்குதான் தெளிவாக வெளிப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு டி. செல்வராஜ் எழுதிய மலரும் சருகும், இக்கட்டுரையின் நோக்கில், அதனினும் முக்கியமானது. அந்நாவலின் களம் திருநெல்வேலி மாவட்டத்து விவசாயிகள் நடத்திய முத்திரை மரக்கால் போராட்டம். வாரமாக அளந்து கொடுக்கும் நெல்லை நிலவுடைமையாளர் தம் விருப்பம்போல் செய்துகொண்ட மரக்காலால் அளந்து வாங்கலாகாது, சர்க்கார் முத்திரையிட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பதே போராடியவர்களின் கோரிக்கை. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது அற்பமான வழக்காகத் தோன்றலாம். களத்துமேட்டில் நின்றவனுக்கோ, ஒவ்வொரு மரக்காலிலும் பிடி நெல்லாய்ப் போனது ஆண்டு முடிவில் அவன் பிள்ளைகளின் கஞ்சியாக இருந்தது. இராஜராஜன் காலத்தில் கல்லில் பொறித்து நிலைநிறுத்த வேண்டியிருந்த அந்த அளவு, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னும் தகராறுக்குரியதாகவே இருந்தது என்பதையும், கல்கி விட்டுச் சென்ற நெல்லை ஒரு நாவலாசிரியர் கையில் எடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இவ்விரு வாயில்களும் ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவைதாம் என்பது புலனாகும்.

போராட்டத்தை எழுதிய தமிழ் நாவல்களில் எவை நிலைக்கின்றன, எவை பிரசாரமாய்த் தேய்ந்துபோகின்றன என்பதற்கு என்னால் கூற முடிந்த உரைகல் ஒன்றுதான்: வழக்கு எந்த அளவைப் பற்றியது என்பதை ஆசிரியன் அறிந்திருக்கிறானா? கூலி எத்தனை படி, நூல் என்ன விலை, உப்பளத்தில் நாள் முழுதும் வாரினால் கிடைப்பது என்ன என்று அறிந்தவன் எழுதும்போது கோபம் தானே வருகிறது. அறியாதவன் எழுதும்போது கோபத்தை வசனமாகப் பேசவைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டிய நாவல் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையில் உள்ள கீழ்வெண்மணியில், உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் புகுந்துகொண்ட 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டனர். இறந்தோர் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். இக்கோரிக்கைக்குப் பின்னால் ஒரு நெடிய சரித்திரம் உண்டு: 1943 முதல் பி. சீனிவாசராவ் போன்றோர் தஞ்சைக் கிராமங்களில் சங்கம் கட்டி, சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டும் தண்டனையையும் எதிர்த்துப் போராடிய சரித்திரம். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. செல்வமும் அந்தஸ்தும் வாய்ந்த அவர்கள் தாமே நேரில் சென்று தீயிட்டிருப்பார்கள் என்று நம்ப அது தயங்கியது. சாசனம் அரசனின் சொல்லைத் தாங்குவதுபோல், நீதிமன்றப் பதிவும் தன் காலத்து நம்பிக்கைகளைத் தாங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை. உழைப்போரின் சாட்சியம் நியாயசபையில் செல்லாமற்போன பின், அது போய்ச் சேர வேறு இடம் தேவைப்பட்டது.

1975இல் வெளிவந்து 1977ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற குருதிப்புனல் அவ்விடமாக அமைந்ததா? பாதி அமைந்தது என்பேன். டெல்லியிலிருந்து வரும் படித்த இளைஞர்களின் கண்வழியே கிராமத்தைக் காட்டும் உத்தியில், நகரத்து வாசகனின் குற்றவுணர்வு திறம்படத் தூண்டப்படுகிறது. ஆனால் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவனது ஆண்மைக் குறையை மூலகாரணமாக்கியதன் வாயிலாக, கூலிக்கும் நிலத்துக்கும் நேர்ந்த போராட்டம் ஒரு தனிமனிதனின் மனோவிகாரத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. இடதுசாரி விமரிசகர்கள் அன்றே எழுப்பிய இந்த ஆட்சேபம் கட்சிக் கண்ணோட்டத்தில் பிறந்ததாயினும் நியாயமானதே. மனோதத்துவம் நாவலுக்கு ஆகாது என்பதல்ல என் வாதம்; 44 உயிர்கள் எரிந்ததற்கு அது போதாது. தஞ்சை வட்டாரத்து மண்ணையும் வழக்கையும் அறிந்த சோலை சுந்தரபெருமாள் 1999இல் எழுதிய செந்நெல், கலைநயத்தில் குருதிப்புனலுக்கு ஒருபடி கீழே நிற்பினும், சாகுபடி வேலையும் சங்க வாழ்வும் நிறைந்திருப்பதால், அந்த மக்கள் எதற்காகப் பின்வாங்க மறுத்தனர் என்பதை நன்கு உணர்த்துகிறது.

களத்துக்கே சென்று கேட்டு எழுதும் முறையை ஒரு நியமமாகவே கைக்கொண்டவர் ராஜம் கிருஷ்ணன். நீலகிரிப் படகர்களிடையே தங்கிக் குறிஞ்சித்தேனையும், மீனவர்களைக் கண்டு அலைவாய்க்கரையிலையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைக் கண்டு கரிப்பு மணிகளையும், சிவகாசிச் சிறாரைக் கண்டு கூட்டுக் குஞ்சுகளையும் எழுதிய அவருடைய நடையில் சிற்சில இடங்களில் அறிக்கையின் வறட்சி தென்படுவது மெய். ஆயினும் பாதையில் பதிந்த அடிகள் என்ற நூலால் அவர் செய்த காரியம் சரித்திர ஆசிரியர்களே செய்யத் தவறியது. அந்நூலின் நாயகி மணலூர் மணியம்மை, பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் விதவையாகி, கிராப்பு வெட்டிக்கொண்டு வேட்டி சட்டை அணிந்து, தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டி நின்று, 1953இல் மான் முட்டி மாண்டுபோன வீராங்கனை. இயக்கத்தின் ஏடுகளிலேயே அவரைப் பற்றிய குறிப்பு அரிதாயிருந்த நிலையில், அவரை அறிந்த முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டுத் திரட்டிய நினைவுகளிலிருந்து அந்நூல் உருவாயிற்று. போராடியவர்களின் சரித்திரத்திலும் பெண்ணுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது என்பதை ஒரு பெண் எழுத்தாளரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் நடந்த தீண்டாமை எதிர்ப்புப் போரை, அதில் பங்கு கொண்ட கே. டானியல் பஞ்சமர் நாவலில் எழுதினார். அங்கே சாட்சியும் ஆசிரியரும் ஒருவரே. யுத்தகாலத்து மலேயாவையும் சுமத்திராவையும் தாமே கண்டு புயலிலே ஒரு தோணியை எழுதிய ப. சிங்காரமும் இவ்வரிசைக்குரியவரே என்றாலும், அவருடைய அக்கறை போராட்டத்தினும் அதன்பின் எஞ்சும் வெறுமையில் சென்று நிலைத்தமையால், தனியே ஆராயத் தக்கவர்.

இந்த நூற்றாண்டில்தான் இரண்டு வாயில்களும் ஒருங்கே திறந்தன. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் மதுரையின் அறுநூறு ஆண்டு வரலாற்றை ஆவணங்களிலிருந்தும், கள்ளர் நாட்டு வாய்மொழிக் கதைகளிலிருந்தும் எடுத்துப் பின்னியது. பூமணியின் அஞ்ஞாடி, 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் மூண்ட சாதிக் கலகங்களை, சர்க்கார் ஏடுகளையும் வழக்குப் பதிவுகளையும் துருவிப் பார்த்து எழுதியது. ஆனால் அப்பெருநாவலின் முற்பகுதி முழுவதும் ஆண்டி என்னும் பள்ளர் குலத்து உழவனுக்கும் மாரி என்னும் வண்ணானுக்கும் இடையேயான சிநேகத்திலேயே செல்கிறது. எந்த ஏட்டிலும் அவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆவணத்தில் இருப்பவர்களுக்குச் சமமாக ஆவணத்தில் இல்லாதவர்களுக்கும் பக்கம் ஒதுக்கிய இத்துணிவு, மோகனாங்கி தொடங்கி நாம் பார்த்து வந்த பாதையில் புதிது. ஏடுகளை அப்படியே நாவலுக்குள் கொட்டிவிட்ட சில அத்தியாயங்கள் வாசகனைச் சோதிக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

செல்வராஜின் கதை இங்கே மறுபடியும் வந்து சேர்கிறது. மலரும் சருகும் எழுதிய பின் திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய அவர், அவ்வூர்த் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை செய்து கைகாலெல்லாம் வெந்துபோன தொழிலாளரின் வழக்குகளை அறிந்தவர். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே சங்கம் வளர்ந்த வரலாற்றைத் தோல் என்னும் நாவலாக 2010இல் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நியாயசபைக்கு மனுவாகப் போனதையும், மனுவில் எழுத இடமில்லாமற்போனதையும் ஒருசேர அறிந்த எழுத்தாளர் தமிழில் அவரைப்போல் வேறொருவர் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.