ரப்பர் புஷ்ஷின் இரண்டு காலங்கள்

பழைய வேகக் கார்களைச் செப்பனிடுவோரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பின் சஸ்பென்ஷனின் ஆர்ம்கள் காரோடு சேரும் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டுக் கடினமான பாலியூரித்தேன் புஷ்களை ஏற்றினால் கார் சொன்னபடி கேட்கும் என்பதே அது. தொழிற்சாலை ரப்பரைப் போட்டது சொகுசுக்காகத்தான், வேகத்தை விரும்புகிறவருக்கு அது வேண்டாத சமரசம் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. புஷ்ஷின் வரலாற்றைப் பார்த்தால் இது பாதிதான் உண்மை. ஒரு காலத்துக் கார்களுக்கு அது பொருந்தும்; அடுத்த காலத்துக் கார்களில் பலவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே எந்தப் புஷ் நல்லது என்று கேட்பதற்கு முன், இந்தக் கார் எந்தக் காலத்துச் சிந்தனையில் பிறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் இணைப்புகளில் இருந்தவை உலோகப் புஷ்கள். உலோகம் உலோகத்தில் உரசியதால் அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு உலோகக் குழல்களுக்கு நடுவே ரப்பரை அடைத்தபோது அந்த வேலை ஒழிந்தது. அங்கே எதுவும் உரசுவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு மீள்கிறது. மிஷலின் 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர் பரவியபோது ரப்பருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. எஃகுப் பட்டை வைத்த அந்த டயர் மெதுவான வேகத்தில் சாலையின் சிறு அதிர்ச்சிகளைக் கூர்மையாகவே உள்ளே அனுப்பியது. அதை விழுங்க, சக்கரம் முன்பின்னாகச் சற்று அசைய இடம்விட வேண்டியிருந்தது. அந்த அசைவுக்கு ஒரு விலையும் இருந்தது. 1962இல் வந்த பி.எம்.டபிள்யூ 1500, 1964இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 911 ஆகியவற்றின் பின்பக்கம் செமி-ட்ரெய்லிங் ஆர்ம் வகை: சாய்ந்த அச்சில் ஆடும் ஒரே ஆர்ம் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கும். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ சக்கரம் பின்னோக்கி இழுபடும், புஷ் நெகிழும், சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பும். டோ-அவுட் எனப்படும் இந்தத் திருப்பம் காரின் வாலை வெளியே தள்ளும். எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் சுமந்த 911இல் இதன் விளைவு கடுமையாக இருந்தது.

1977இல் அறிமுகமான போர்ஷே 928 இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. நெகிழ்வைத் தடுக்க முயலாமல் அதன் திசையை மாற்றினார்கள். வைசாக் ஆக்சில் என்று பெயர்பெற்ற அந்த அமைப்பில், கீழ் ஆர்மின் முன்முனை ஒரு சிறு இணைப்பின் மேல் அசையும். சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும் விசையே இப்போது அதை உள்பக்கம், அதாவது டோ-இன் நிலைக்குத் திருப்பியது. அதுவரை குறையாக இருந்த நெகிழ்வு கருவியாகிவிட்டது. 1982இல் மெர்சிடிஸ் 190 ஐந்து இணைப்புகள் கொண்ட பின் ஆக்சிலோடு வந்தது. பி.எம்.டபிள்யூ தன் இசட்1 காரில் பயன்படுத்திய பின் ஆக்சில் அமைப்பை 1990இல் 3 சீரிஸின் இ36 தலைமுறைக்கும் கொண்டுவந்தது. அதன் பிறகு, புஷ் எந்தத் திசையில் எவ்வளவு இணங்க வேண்டும் என்பதும் சக்கரக் கோணத்தின் கணக்கில் அடங்கியது.

இரண்டு பி.எம்.டபிள்யூக்களைப் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும். முந்தைய தலைமுறையான இ30இல் ஒவ்வொரு ஆர்மும் இரண்டு புஷ்களின் வழியே செல்லும் ஒரே அச்சில் கதவுபோல ஆடுகிறது. அங்கே கடினமான புஷ் போட்டால் ஆட்டம் தடைபடாது, டோ-அவுட் குறையும். இ36 எம்3இன் ட்ரெய்லிங் ஆர்மோ முன்முனையில் ஒரே புஷ்ஷில் தொங்குகிறது. மேலும் கீழுமாக இரண்டு குறுக்கு ஆர்ம்கள் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பதால், ட்ரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதோடு முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். ரப்பர் அதற்கு இணங்கும். கெட்டியான பாலியூரித்தேன் எதிர்த்து நிற்கும், சஸ்பென்ஷன் இறுகிப்போகும்.

பந்தயக் கார்களில் ரப்பரே இல்லையே என்று கேட்கலாம். அங்கே இருப்பது உலோகக் கோள மூட்டு. அது எல்லாப் பக்கமும் தடையின்றித் திரும்பும், பாலியூரித்தேன் அப்படித் திரும்பாது. தேய்மானத்தையும் இரைச்சலையும் பந்தயக்காரர் பொறுத்துக்கொள்வார், சாலையில் ஓட்டுகிறவர் பொறுக்க மாட்டார். இன்றைய டயர்களின் பிடி அதிகம், பழைய ரப்பர் அதற்குப் போதாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு விடையாகச் சற்றுக் கெட்டியான ரப்பரே இருக்கிறது. இ36இல் புஷ்ஷின் இருபுறமும் வைக்கும் லிமிட்டர் வளையங்கள் பக்கவாட்டு நகர்வை மட்டும் கட்டுப்படுத்தி, முன்பின் இணக்கத்தை விட்டுவைக்கும். மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது என்ற அனுபவச் சாட்சியம் இன்னும் பலவீனமானது. முப்பது ஆண்டில் வெடித்துப்போன ரப்பரோடு புதுப் பாலியூரித்தேனை ஒப்பிட்டால் எது வெல்லும் என்று சொல்லவே வேண்டாம். புது ரப்பரோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த ரப்பரையும் முறையாகப் பூட்டியிருக்க வேண்டும்: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஆகவே 1960களின் வடிவமைப்பில் கடினப் புஷ்ஷைப் போடுகிறவர், அக்காலப் பொறியாளர்கள் தீர்க்காமல் விட்ட ஒரு குறையைத் தீர்க்கிறார். 928க்கும் இ36க்கும் அதையே செய்கிறவர், பின்னால் வந்த பொறியாளர்கள் கண்டுபிடித்த தீர்வைக் கழற்றி எறிகிறார். பொருளின் கடினத்தன்மை அப்படியேதான் இருக்கிறது; இரண்டு கார்களிலும் அதற்குக் கிடைக்கும் வேலைதான் வேறு.